சென்னையில் மழை, புயல், வெள்ளத்துக்கு வீட்டைத் தயார்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்ற செய்தி வந்ததும் சென்னையில் பால் பாக்கெட், ரொட்டி, மெழுகுவத்தி மூன்றும் கடைகளில் தீர்ந்துபோகும். வாங்கியவர்கள் தயாராகிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். ஆனால் வெள்ளத்தில் உண்மையில் தேவைப்படுபவற்றில் பாதி கடையில் கிடைப்பதில்லை. கிடைக்கும் மீதியும் கடைசி நாளில் கிடைப்பதில்லை.

எங்கள் குடியிருப்பில் ஆடி முடிந்ததும் மழைக்கால வேலைகளைத் தொடங்கிவிடுவோம். புதிதாகக் குடிவருபவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதைப் பல மழைக்காலங்களாகப் பார்த்துவருகிறேன். பெரும்பாலும் வேலைகள் விட்டுப்போவதில்லை, வரிசைதான் தவறுகிறது. ஆகவே இதை வரிசைப்படியே படியுங்கள்.

1. உங்கள் வீட்டுக்கு வருவது எந்த வெள்ளம்?

முதல் வேலை இது. எதையும் வாங்குவதற்கு முன்பே இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மற்ற முடிவுகள் எல்லாம் இதைப் பொறுத்தவை. சென்னையில் வெள்ளம் மூன்று வகையாக வருகிறது.

முதல் வகை தெருவில் தேங்கும் மழைநீர். தியாகராய நகர், புளியந்தோப்பு, பட்டாளம் போன்ற பழைய பகுதிகளில் இதைப் பார்க்கலாம். வடிகாலின் கொள்ளளவை விட வேகமாக மழை கொட்டும்போது தெரு நிரம்பும். மழை விட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்தில், மோசமான ஆண்டில் ஓரிரு நாளில் இறங்கிவிடும். இங்கே உயிருக்கான ஆபத்து ஆழத்தால் வருவதில்லை. மின்சாரமும் திறந்து கிடக்கும் குழிகளும்தான் ஆபத்து.

இரண்டாம் வகை ஆற்று வெள்ளம். அடையாற்றின் கரையில் உள்ள முடிச்சூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் இதில் அடங்கும். 2015 டிசம்பர் 1 இரவில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. தாம்பரம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்து வந்தது. அந்த ஏரிகளில் பலவற்றுக்கு மதகைத் திறந்து மூடும் ஏற்பாடு கிடையாது. நிரம்பினால் வழியும், அவ்வளவுதான். இவ்வகை வெள்ளம் வேகமாக ஏறும், இழுவையோடு வரும், பெரும்பாலும் இரவில் கழுத்தைப் பிடிக்கும். வீட்டுக்கு மேல் மழை ஓய்ந்த பிறகும் ஆறு ஏறக்கூடும் என்பதைப் புதியவர்கள் நம்ப மறுக்கிறார்கள். பூண்டி ஏரி திறக்கப்பட்டால் கொசஸ்தலையாறு வழியே மணலி, எண்ணூர் பக்கத்துக்கு இதே கதைதான்.

மூன்றாம் வகை சதுப்பு நிலம் நிரம்பி வரும் தண்ணீர். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் ஆகியவை இந்த வகை. தென்சென்னையின் ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றாக வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வருகின்றன. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டுப் பக்கம் கடலைச் சேர வேண்டும். வருகிற வழிகள் பல, போகிற வழி குறுகியது. அதனால் தண்ணீர் மெதுவாக ஏறுகிறது, நாள்கணக்கில் நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை; ஆந்திரத்தில் பாபட்லா அருகேதான் கடந்தது. இருந்தும் இந்தப் பகுதிகள் பல நாள் தண்ணீரில் நின்றன, மின்சாரமும் வரவில்லை.

உங்கள் வீடு எந்த வகை என்று கண்டுபிடிக்க வரைபடம் வேண்டாம். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமோ மளிகைக் கடைக்காரரிடமோ இரண்டு கேள்வி கேளுங்கள்: 2015-இல் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது? வீட்டுத் தரகரிடம் கேட்காதீர்கள். அவர் அகராதியில் தண்ணீர் வந்த தெருவே கிடையாது.

2. வாசலின் உயரத்தை அளந்துவையுங்கள்

தெருவின் நடுப்பகுதியிலிருந்து உங்கள் வீட்டுத் தரை எத்தனை அங்குலம் உயரத்தில் இருக்கிறது என்று ஓர் அளவு நாடாவால் பாருங்கள். பிறகு மூன்று உயரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சம்பின் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின்) மூடி, மின் மீட்டர் பலகை, வீட்டில் மிகத் தாழ்வாக இருக்கும் மின் பிளக்.

தண்ணீர் இவற்றைத் தொடும் வரிசைதான் உங்கள் வேலைகளின் வரிசை. பெரும்பாலான தனி வீடுகளில் சம்ப் மூடிதான் முதலில் மூழ்கும். வாசற்படியில் தண்ணீர் ஏறும் முன்பே குடிநீர் கெட்டுவிடும். வாசலை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் சுரண்டாமல் மேலேயே தார் ஊற்றுவதால் பழைய வீடுகள் ஆண்டுக்கு ஆண்டு தாழ்ந்துகொண்டே போகின்றன. ஐந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த அளவை நம்பாதீர்கள்.

மாடி வீட்டுக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். உங்கள் மீட்டரும் மோட்டாரும் லிஃப்ட்டின் அடிக்குழியும் தரைத்தளத்தில்தான் இருக்கின்றன. மூன்றாம் மாடியில் வீடு காய்ந்திருக்கும். குழாயில் தண்ணீர் வராது, விளக்கு எரியாது. அந்த நிலையில் எத்தனை நாள் இருக்க முடியும் என்பதுதான் மாடியில் இருப்பவர் யோசிக்க வேண்டியது.

3. ஆவணி, புரட்டாசியிலேயே முடிக்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. அக்டோபர் வந்தபின் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் கைக்குக் கிடைக்க மாட்டார்கள். கிடைத்தாலும் ஈரச் சுவரில் பூசியது ஒட்டாது.

மொட்டை மாடியிலிருந்து தொடங்குங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 9,300 லிட்டர் தண்ணீர் விழுகிறது, ஒரு லாரித் தண்ணீருக்கும் கொஞ்சம் அதிகம். அத்தனையும் ஒன்றிரண்டு துளைகள் வழியாக இறங்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பை அந்தத் துளையை அடைத்தால் மாடி குளமாகி, கூரை கசியும். துளைகளைச் சுத்தம் செய்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கீழே வருகிறதா என்று பாருங்கள். பார்வைக்குச் சுத்தமாக இருப்பது போதாது, அடைப்பு குழாயின் வளைவில் இருக்கும்.

அடுத்து சம்ப். மூடியின் விளிம்பு தரைமட்டத்தில் இருந்தால் ஒரு கொத்தனாரை அழைத்து ஓர் அடியாவது உயர்த்திக் கட்டுங்கள். வாடகை வீடானால் உரிமையாளரிடம் கேளுங்கள். அவர் மறுத்தால் கனமான பிளாஸ்டிக் விரிப்பும் களிமண்ணும் தயாராக வைத்திருங்கள். மூடியைச் சுற்றிப் பூசி, மேலே செங்கல் அடுக்கினால் முழுக்கத் தடுக்காவிட்டாலும் சாக்கடை நேராக உள்ளே விழாது.

மூன்றாவது மின்சாரம். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி உங்கள் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தியதும் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தக் கருவி பலகையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று பொருள், மாற்றிவிடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி தரையில் இருந்தால் உறுதியான இரும்பு மேடையில் ஏற்றுங்கள். தண்ணீர் வரும்போது தூக்கிக்கொள்ளலாம் என்று சொல்பவர் அந்தப் பேட்டரியை ஒருமுறை தூக்கிப் பார்க்கட்டும்.

கழிவுநீர்க் குழாயைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. தரைத்தள வீடுகளில் தண்ணீர் பெரும்பாலும் வாசல் வழியாக முதலில் வருவதில்லை. பாதாளச் சாக்கடை நிரம்பியதும் குளியலறைத் தரைத்துளை வழியாகவும் கழிப்பறைக் கோப்பை வழியாகவும் பின்னோக்கி ஏறுகிறது. வாசலில் மணல் மூட்டைகளை அழகாக அடுக்கிவிட்டு உள்ளே திரும்பினால் கூடத்தில் கறுப்புத் தண்ணீர் நிற்கும். வீட்டிலிருந்து வெளியேறும் குழாயில் தண்ணீரைத் திரும்ப விடாத ஒருவழி வால்வு பொருத்தலாம். முடியாதவர்கள், பாதி மணல் நிரப்பிக் கட்டிய தடித்த பிளாஸ்டிக் பைகளைத் துளைக்கு ஒன்றாகத் தயார் செய்யுங்கள். கோப்பைக்குள் ஒன்று, தரைத்துளைமேல் ஒன்று, அதன்மேல் தண்ணீர் நிரப்பிய வாளி. மணலை இப்போதே வாங்கிவையுங்கள், நவம்பரில் ஈர மணலுக்கு அலைய வேண்டாம்.

தெருவின் மழைநீர் வடிகாலில் குப்பை அடைத்திருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். தனி ஆளாகச் செய்வதை விடத் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் தனித்தனியாகப் பதிவு செய்தால் வேலை நடக்கிறது. இது என் அனுபவம்.

கடைசியாக வாகனக் காப்பீடு. முழுமைக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேர்ந்திருந்தாலும், தண்ணீர் புகுந்து எஞ்சின் பழுதாவது பெரும்பாலும் சேராது. அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை உண்டு. பெரும்பாலும் புதுப்பிக்கும்போதுதான் அதைச் சேர்க்க முடியும்.

4. தங்குவதா, கிளம்புவதா?

இந்த முடிவை வெயில் அடிக்கும்போதே எடுத்துவிடுங்கள். மழை கொட்டும் இரவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்பவர்தான் எப்போதும் ஜெயிப்பார்.

ஆற்று வெள்ளப் பகுதியில் தரைத்தளம் என்றால் கிளம்புவதுதான் முடிவு. அதற்கு ஓர் அடையாளத்தை வைத்துக்கொள்ளுங்கள்: ஏரியிலிருந்து உபரி நீர் திறப்பதாக அறிவிப்பு வந்து, கரையோரத்தில் இருப்பவர்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை விடப்பட்டதும் பையைத் தூக்க வேண்டும். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. நீர்மட்டம் 22 அடியைத் தாண்டிய செய்தி வரும்போதே துணிகளை எடுத்து வைத்துவிட வேண்டும். தண்ணீர் தெருவுக்கு வந்ததும் கிளம்பலாம் என்று திட்டமிடுபவர்கள், அப்போது அதே தெருவில்தான் நடக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சதுப்புப் பகுதியில் தரைத்தளம் என்றால் ஒரு நாள் முன்னதாக மேல்மாடிக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்விடுங்கள். மாடியில் இருப்பவர்கள் தங்கலாம், ஆனால் ஐந்து நாளைக்கான ஏற்பாட்டோடு. தெருத் தேக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கலாம்.

மூன்று பேர் விஷயத்தில் வெள்ளத்தின் வகை பார்க்க வேண்டாம், முன்கூட்டியே இடம் மாற்றிவிடுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர், பிரசவ நாள் நெருங்கிய கர்ப்பிணி, ஆக்சிஜன் கருவியோ வேறு மின் கருவியோ இல்லாமல் இருக்க முடியாதவர். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் மையத்தில் பேசி, முறை நாளைப் புயலுக்கு முன்னதாக மாற்றித் தரக் கேளுங்கள். எழுந்து நடக்க முடியாத முதியவரை இடுப்பளவு தண்ணீரில் நாற்காலியோடு தூக்கிச் செல்வது பார்ப்பதற்கே பயங்கரமானது. அதைத் தவிர்க்க ஒரு நாள் முந்தினால் போதும்.

போகிற இடத்தைச் சொல்லிவையுங்கள். உறவினர் வீடு இல்லையென்றால் மாநகராட்சிப் பள்ளிகளும் சமுதாயக் கூடங்களும் நிவாரண முகாம்களாகத் திறக்கப்படும். உங்கள் வார்டில் எது என்பதை 1913-இல் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

5. எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

வானிலை ஆய்வு மையம் சொல்லும் சொற்களுக்கு அளவு உண்டு. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. தொலைக்காட்சி அலறினாலும் நீங்கள் இந்தச் சொற்களை மட்டும் கவனியுங்கள்.

மழை அளவை முதல் நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடுகிறார்கள். இன்று காலை நுங்கம்பாக்கத்தில் 15 செ.மீ. என்று வரும் செய்தி ஏற்கெனவே பெய்து முடிந்த மழையைச் சொல்கிறது. பலர் அதை முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டு குழம்புகிறார்கள்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்கள் மாவட்டம் முழுமைக்குமானவை. சிவப்பு எச்சரிக்கை விட்ட நாளில் உங்கள் தெருவில் தூறல் மட்டும் விழலாம். அப்படி ஒருமுறை ஏமாந்தவர்கள் அடுத்த சிவப்பு எச்சரிக்கையைக் கேலி செய்வார்கள், ஆபத்து அங்கேதான். சிவப்பு என்றால் ஏழாம் பகுதியில் உள்ளதை எல்லாம் செய்து முடித்துவிடுங்கள். வீணானால் ஒரு நாள் உழைப்பு, அவ்வளவுதான்.

புயல் எங்கே கரையைக் கடக்கிறது என்பதை விட எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பது சென்னைக்கு முக்கியம். கரைக்குப் பக்கத்தில் தயங்கி நிற்கும் புயல் ஒரே இடத்தில் கொட்டித் தீர்க்கும். மிக்ஜாம் அப்படித்தான் செய்தது. கடலில் அலை ஓங்கியிருக்கும்போதும் ஓதம் ஏறியிருக்கும்போதும் அடையாறு முகத்துவாரத்தில் ஆற்று நீரைக் கடல் உள்வாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அரசின் டிஎன் அலர்ட் செயலியைக் கைப்பேசியில் நிறுவிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும், தேதியில்லாத குரல் பதிவுகளை யாருக்கும் அனுப்பாதீர்கள். 2015-இல் எடுத்த காணொளிகள் இன்னும் ஒவ்வொரு மழைக்கும் ஊர்வலம் வருகின்றன.

6. வாங்கிவைக்க வேண்டியவை

குடிநீரைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 3 லிட்டர் என்று வையுங்கள். நாலு பேருக்கு ஐந்து நாளைக்கு 60 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. சமையலுக்கு இன்னொன்று. தெருவில் தண்ணீர் நின்றால் கேன் வண்டி வராது.

உணவில், வேகவைக்காமல் தின்னக்கூடியவை பாதியாவது இருக்கட்டும்: அவல், பொரி, வேர்க்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம், பிஸ்கட். அரிசி மூட்டை இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு கேள்வி: சமைத்த பாத்திரத்தை எந்தத் தண்ணீரில் கழுவுவீர்கள்? பாலுக்குப் பதில் பால் பவுடர் வாங்குங்கள். குளிர்பெட்டி ஓடாதபோது ஆறு பாக்கெட் பால் அரை நாளில் திரிந்துவிடும்.

மருந்து பத்து நாளைக்கு இருக்கட்டும், மருத்துவர் சீட்டின் நகலோடு. பயன்பாட்டில் உள்ள இன்சுலின், வெயில் படாத சாதாரண அறை வெப்பத்தில் ஏறத்தாழ நாலு வாரம் தாங்கும் (உறையில் உள்ள குறிப்பையும் பாருங்கள்). மின்சாரம் போனால், தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு ஈரமான மண்பானைக்குள் வையுங்கள். பனிக்கட்டியில் புதைத்து உறைய வைத்துவிட்டால் அது பயன்படாது. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காய்ச்சல் மாத்திரை, குளோரின் மாத்திரை ஆகியவை சேரட்டும்.

பணத்தில் சில்லறை நோட்டுகளாக இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் வேண்டும். கைப்பேசிக் கோபுரங்கள் பேட்டரியிலும் டீசலிலும் ஓடுபவை. அவை தீர்ந்ததும் கியூஆர் அட்டை வெறும் அட்டை. தலையில் மாட்டும் டார்ச் ஒன்று வாங்குங்கள், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். மெழுகுவத்தியை நான் பரிந்துரைக்க மாட்டேன்: காற்றும் குழந்தைகளும் திரைச்சீலையும் உள்ள வீட்டில் வெள்ளத்தோடு தீயையும் அழைக்க வேண்டாம்.

ஆதார், குடும்ப அட்டை, பத்திரம், காப்பீடு, பள்ளிச் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரே தண்ணீர் புகாப் பையில் போட்டு, ஆளுயரத்துக்கு மேல் வையுங்கள். படம் எடுத்து டிஜிலாக்கரிலோ மின்னஞ்சலிலோ ஒரு நகல் இருக்கட்டும். மிக்ஜாமுக்குப் பிறகு அரசு 6,000 ரூபாய் நிவாரணத்தை நியாயவிலைக் கடைகள் வழியாகத்தான் கொடுத்தது. அட்டை எங்கே என்று சேற்றில் துழாவியவர்கள் உண்டு.

7. முந்தைய நாள்: இந்த வரிசையில்

காலையிலேயே வாகனத்தை மேடான இடத்துக்கு மாற்றுங்கள். இதை முதலில் வைத்ததற்குக் காரணம், இடம் தீர்ந்துவிடும் என்பதுதான். 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டிவிட்டன. அடித்தள வாகன நிறுத்தத்தில் விட்டுவைப்பதும் மரத்தடியில் விடுவதும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

அடுத்து மாடித் தொட்டியை நிரப்புங்கள். இரண்டு பயன்: மின்சாரம் போன பின் தண்ணீர் இருக்கும்; காலியான பிளாஸ்டிக் தொட்டி காற்றில் பறக்கும், நிரம்பியது அசையாது. நிரம்பியதும் சம்ப் மோட்டாரின் தானியங்கிக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வெள்ளத்தில் சம்ப் கெட்டுவிடும். இரவில் மின்சாரம் திரும்பியதும் மோட்டார் தானாக ஓடி, சாக்கடை கலந்த நீரை மாடித் தொட்டிக்கு ஏற்றும். மிச்சமிருந்த நல்ல தண்ணீரும் அத்தோடு போகும்.

பிறகு பொருள்களை உயர்த்துங்கள். முதலில் கீழ் அலமாரியில் உள்ள காகிதமும் புத்தகமும், பின்பு அரிசி பருப்பு, பின்பு இன்வெர்ட்டர், கடைசியில் குளிர்பெட்டியும் துணி துவைக்கும் எந்திரமும். கனமானவற்றை முதலில் தூக்கிக் களைத்துவிட்டால் காகிதங்களைக் கட்டிலின் அடியிலேயே விட்டுவிடுவோம். குளிர்பெட்டிக்குச் செங்கல் போதும், ஆனால் நாலு கால்களுக்கும் ஒரே உயரம் வேண்டும்.

எரிவாயு உருளையைக் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள். நிறைந்த உருளையும் தண்ணீரில் மிதக்கும். மிதந்தால் குழாயை இழுத்துப் பிடுங்கும்.

மாலைக்குள் கைப்பேசி, பவர் பேங்க், டார்ச் எல்லாவற்றையும் சார்ஜ் செய்யுங்கள். 1913, மாநில அவசர உதவி 1070, மாவட்டம் 1077, பொது அவசரம் 112, ஆம்புலன்ஸ் 108, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். கைப்பேசி அணைந்தபின் அதற்குள் இருக்கும் எண் உதவாது. அடுக்ககமானால் லிஃப்ட்டை மேல் தளத்தில் நிறுத்தி அணைக்கச் சொல்லுங்கள். குளியலறைத் துளைகளுக்கான மணல் பைகளை இரவு படுக்கும் முன் வையுங்கள். கழிப்பறை ஒன்றை மட்டும் கடைசி வரை திறந்து விடலாம்.

8. புயல் காற்றுக்குத் தனியாக

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது சேதத்தைச் செய்தது தண்ணீர் அல்ல, மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசிய காற்று. பால்கனித் தொட்டிச் செடிகள், கொடிக்கம்பிகள், தளர்ந்த தகரம், டிஷ் எல்லாவற்றையும் உள்ளே எடுங்கள் அல்லது கட்டுங்கள். நகரும் ஜன்னல்களின் அடிச் சட்டத்தில் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் உண்டு, அவற்றைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை மரங்களுக்குப் பக்கத்து அறையில் அன்றிரவு படுக்க வேண்டாம்.

காற்று திடீரென்று அடங்கினால் வெளியே போகாதீர்கள். புயலின் கண் உங்கள் தலைக்கு மேல் இருக்கக்கூடும். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும். விழுந்த மரத்தைப் படம் எடுக்கப் போகிறவர்கள் இந்த இடைவெளியில்தான் போகிறார்கள்.

9. தண்ணீர் ஏறும்போது

தெருவில் தண்ணீர் உங்கள் வாசலின் முதல் படியைத் தொட்டதும் எரிவாயுவை மூடி, மெயின் ஸ்விட்சை அணையுங்கள். உலர்ந்த தரையில், உலர்ந்த கையோடு, காலில் ரப்பர் செருப்போடு நின்று அணைக்க வேண்டும். நீங்கள் தண்ணீரில் நிற்கிறீர்கள் என்றால் அந்த நேரம் கடந்துவிட்டது, தொடாதீர்கள். மின்னகத்துக்குச் சொல்லுங்கள்.

சென்னைத் தெருக்களில் நடைபாதையோரம் நிற்கும் மின்பகிர்மானப் பெட்டிகள் பல இடுப்புயரம்கூட இருப்பதில்லை. அவை மூழ்கும் முன் மின்வாரியமே இணைப்பைத் துண்டிக்கும். நம் வீட்டில் தண்ணீர் இல்லையே, ஏன் நிறுத்தினார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்; அந்தத் தெருவில் நடக்கிறவரின் உயிருக்காக நிறுத்துகிறார்கள்.

வெளியே போகத்தான் வேண்டும் என்றால் நடைபாதையை விட்டுத் தெருவின் நடுவில் நடங்கள், வடிகால் குழிகள் ஓரத்தில்தான் இருக்கின்றன. கையில் ஒரு நீண்ட கம்பு, ஒவ்வோர் அடிக்கு முன்பும் தரையைத் தொட்டுப் பாருங்கள். ஓடும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் ஆளைச் சாய்க்கும். ஓரடி நீரோட்டம் சிறிய காரை நகர்த்திவிடும். சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதைக் கண்டால் முன்னால் போன பஸ் கடந்துவிட்டது என்பதற்காக நுழையாதீர்கள்.

தண்ணீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் இயக்கிப் பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு முயற்சிதான் அதை உடைக்கும். கைவிட்டு இறங்கி நடங்கள்.

கைப்பேசியில் பேசுவதற்குப் பதில் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அலைவரிசை பலவீனமாக இருக்கும்போதும் அது போய்ச் சேரும், பேட்டரியும் மிஞ்சும். ஊருக்கு வெளியே உள்ள ஒருவரைத் தகவல் மையமாக வைத்துக்கொள்ளுங்கள்: திருச்சியில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு செய்தி போனால் அவர் மற்ற எல்லோருக்கும் சொல்லிவிடுவார். உதவி கேட்கும் செய்தியில் முகவரி, எந்த மாடி, எத்தனை பேர், நடக்க முடியாதவர் உண்டா, தண்ணீர் எவ்வளவு உயரம் என்ற ஐந்தும் இருக்கட்டும். ‘காப்பாற்றுங்கள்’ என்று மட்டும் எழுதினால் படகை எங்கே அனுப்புவது?

10. வடிந்த பிறகு

முதலில் படம் எடுங்கள், பிறகு கழுவுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, நனைந்த பொருள்கள், வாகனம் எல்லாம் தெரியும்படி எடுத்து வைத்தால்தான் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் ஆதாரம் இருக்கும். பளபளவென்று துடைத்த வீட்டில் சேதத்தைக் காட்ட முடியாது. ஆவணங்கள் நனைந்து போயிருந்தால் மாற்று ஆவணங்களுக்கான சிறப்பு முகாம் அறிவிப்பைப் பாருங்கள். 2023-இல் அப்படி நடத்தினார்கள்.

எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை மெயின் ஸ்விட்சைப் போட வேண்டாம். நனைந்த மோட்டார், குளிர்பெட்டி, துணி துவைக்கும் எந்திரம் எதையும் உலர்ந்துவிட்டது என்று நீங்களாக முடிவு செய்து ஓட்டாதீர்கள். வெளியே காய்ந்தாலும் உட்சுற்றில் ஈரம் இருக்கும்.

சேற்றை ஈரமாக இருக்கும்போதே தள்ளுங்கள், காய்ந்தால் சிமென்டு போலாகிவிடும். கையுறையும் மூடிய காலணியும் அணியுங்கள். அலமாரியின் அடியிலும் காலணி அடுக்கிலும் கை விடும் முன் கம்பால் தட்டிப் பாருங்கள், பாம்பும் பூரானும் உலர்ந்த இடம் தேடி அங்கேதான் ஒதுங்கும். பாம்பைக் கண்டால் அடிக்காமல், அறையை மூடிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சம்ப் நீரை முழுக்க வெளியேற்றி, சுவர்களைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் அலம்பிய பிறகே புதிய நீரை நிரப்புங்கள். நிரப்பியபின் 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விடுங்கள். சிலர் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிக் கொட்டுகிறார்கள், அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். குடிக்கும் நீரைச் சில நாளைக்குக் கொதிக்க வைத்தே குடியுங்கள். நன்றாகத் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது விட வேண்டும்.

தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் அதன் வழியே எலிக்காய்ச்சல் வரலாம். அடுத்த இரண்டு, மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் டெங்கு என்று நீங்களே தீர்மானித்து மாத்திரை போட்டுக்கொள்ளாமல் மருத்துவரிடம் போங்கள். வெள்ளத்தில் நடந்ததை அவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்; எந்தச் சோதனை எழுதித் தருவது என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.